முழங்கால் ஜெபம்

முதல் ஹாரன் அடித்துவிட்டது. ஷாரோன் எழவில்லை.

கட்டிலோரம் முழங்காலிட்டு, மெத்தையில் முகம் புதைத்து, விரல்களைக் கோத்தபடி இருந்தாள். டைல்ஸின் குளிர் முட்டியைக் குடைந்தது. பாரத்தை ஒரு முட்டியிலிருந்து மற்றதற்கு மாற்றினாள். மறுபடி மாற்றினாள்.

இன்னும் கொஞ்சம், ஆண்டவரே. இன்னும் கொஞ்சம்.

தெருமுனையில் நிற்கும் கம்பெனி பஸ் இரண்டாவது ஹாரனோடு கிளம்பிவிடும். இந்த மாதம் ஏற்கெனவே அதைக் கோட்டை விட்டிருக்கிறாள். இனி ஒரு தடவை விட்டால் ஊருக்கே பஸ் ஏறிவிடு என்று சூப்பர்வைசர் அசெம்பிளி லைனில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சும்மா சொல்கிற ஆள் இல்லை. ஒரகடத்துக் கம்பெனிகளில் அவள் இடத்துக்கு வர ஆள் காத்துக் கிடக்கிறது.

சாயர்புரத்திலிருந்து வந்த நாள் முதல் இந்த ஹாஸ்டலில் அவளுக்குச் சோம்பேறி என்றுதான் பேர். உலுக்கி எடுத்தால்தான் எழுவாள். லெந்து என்னும் தவக்காலம் தொடங்கியபோது படப்பை சபையில் கையைத் தூக்கித் தீர்மானம் எடுத்தாள்: சோம்பலை விடுகிறேன், தினமும் எழுந்ததும் முழங்கால் போடுகிறேன்.

அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. ரூமே சாட்சி.

“இன்னாடி இது, டெய்லி இவ்ளோ நேரம் பேசிகினு கீறா? சூப்பர்வைசர் மேல பிராது குடுக்கறாளா?” ஷூ லேஸைக் கட்டியபடியே சிரித்தாள், அதே பஸ்ஸில் போகும் அன்னக்கிளி. “ஏய் ஷாரோனு, பஸ்ஸு பூடும்டி!”

தோளைத் தொட வந்த கையை வாசலிலிருந்து ஒரு குரல் தடுத்தது. முத்துச்செல்வி.

“தொடாதீங்கக்கா. கும்பிட்டுட்டு இருக்க பிள்ளைய எழுப்பலாமா? நைட்டு பூராவும் நின்னுட்டுத்தான வாரேன், இன்னுங் கொஞ்சம் நின்னா காலு ஒடிஞ்சா போயிரும்?”

ஷாரோனுக்குத் திக்கென்றது. இவள் எப்போது வந்தாள்?

இருவருக்கும் கட்டில் ஒன்றுதான். ஷாரோன் பகல் ஷிப்டுக்குப் போனதும், வேறொரு கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வரும் முத்துச்செல்வி அதில் படுப்பாள்.

கையிடுக்கு வழியாக ஒரு கண்ணைத் திறந்தாள். முத்துச்செல்வியின் கால்கள் மட்டும் தெரிந்தன. சாக்ஸ் பதிந்த தடத்துக்கு மேலும் கீழும் சதை புடைத்திருந்தது. ஒரு காலைத் தூக்கி மற்றதன் மேல் வைத்துக்கொண்டு நின்றாள், சுவரில் சாயாமல். சாய்ந்தால் தூங்கிவிடுவாள் போல.

“நீ ஒரு லூசு. டெய்லி இதே மாரி நின்னுகினு கீற” என்று அன்னக்கிளி படியிறங்கி ஓடினாள்.

டெய்லியா?

ஷாரோன் எழுந்தாள். மரத்துப்போன கால் ஒரு பக்கம் இழுத்தது. முத்துச்செல்வி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எனக்கும் சேத்துத்தான ஜெபம் பண்ணுத?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. யூனிஃபார்மோடு அப்படியே கட்டிலில் விழுந்தாள்.

இரண்டாவது ஹாரன்.

ஐடி கார்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, சடை பின்னாமல், சந்து முழுக்க ஓடினாள். நகர்ந்துவிட்ட பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தொற்றினாள். டிரைவர் திட்டினார். நன்றாகத் திட்டினார்.

உள்ளே வழக்கம்போல் எல்லோரும் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்னக்கிளிக்குப் பக்கத்தில் சீட் காலி. ஷாரோன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கண் சொக்கும். நாளைக்கும் இப்படி நிற்க வேண்டும், அதற்கு மறுநாளும். நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

கம்பியைப் பிடித்தபடி, கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, முத்துச்செல்வியின் பேரை ஆண்டவரிடம் சொன்னாள். அடுத்து என்ன சொல்வது என்று வாய்க்கு வரவில்லை.

முழங்காலில் இருப்பவளை யாரும் உலுக்கமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, அந்தக் கட்டிலோரத்தில் அவள் ஜெபித்ததே இல்லை. தூங்கத்தான் செய்தாள்.