சுருள்பாசிக்குச் சிலை

தயிரில் பிறந்த பாக்டீரியா ஒன்று குடலில் வேலை செய்யக் கிளம்பியது. வழியில் இரைப்பை. அங்கே அமிலத்தின் ஆட்சி. முன்னே போன கூட்டத்தில் ஒருவரும் கரை சேரவில்லை.

"என் சுருளுக்குள் புகுந்துகொள், தம்பி," என்றது கூடவே விழுங்கப்பட்ட சுருள்பாசி.

"ஒளிந்து போக நான் கோழையா? நெஞ்சை நிமிர்த்தித்தான் போவேன்!"

"அவர்களும் அப்படித்தான் போனார்கள். குடலில் வேலை செய்ய ஆள் வேண்டாமா?"

பாக்டீரியா உள்ளே புகுந்தது. அமிலம் அரித்தது, பாசி முனகக்கூட இல்லை.

குடலில் இறங்கிப் பார்த்தால், பாசி பாதிக்குமேல் கரைந்திருந்தது.

"அண்ணே, உங்களுக்குச் சிலை வைக்கிறேன்!"

"சிலை வைத்தவன் எவன் வேலை செய்தான்? பசியோடு நிற்காதே. மிச்சமிருக்கும் என்னைத் தின்றுவிட்டு ஆரம்பி."

பாக்டீரியா அழுதுகொண்டே தின்றது. கடைசி வாய் இறங்கியதும் இரண்டாகப் பிரிந்து, இருவராக வேலையில் இறங்கியது.