பினாங்குக் காசு வாங்கிய காளை

"எங்க காளை கொம்பை ஒரு சிலுப்புச் சிலுப்புனா ஆளு ஆகாசத்துல பறந்து வத்தலக்குண்டு பஸ் மேல விழுவான். வத்தலக்குண்டு போயித்தான் எறங்குவான். டிக்கெட்டுக்கூடக் கெடையாது!"

மச்சினன் ஒச்சப்பன் இப்படி அளந்தபோது சுருளிவேலுக்கு அடிவயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அந்தக் காளைதான் அவனுடைய ஒன்பது வருஷத்துப் பினாங்குச் சம்பாத்தியம்.

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கெல்லாம் ராத்திரிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரே பேச்சுதான்: காசை எங்கே போடுவது? அங்கேயே வைக்கலாமென்றால், ஜப்பான்காரன் அடித்த நோட்டெல்லாம் அவன் தோற்றதும் குப்பையான கதை எல்லோருக்கும் தெரியும். ஒருவன் தபாலாபீஸ் என்றான், ஒருவன் பவுன் என்றான். சுருளிவேல் நஞ்சை வாங்கச் சொல்லி மாதம் தவறாமல் பெண்டாட்டி ஜக்கம்மாளுக்கு அனுப்பினான்.

ஐம்பத்தெட்டில் கப்பலேறிச் சொந்த ஊரான சேவுகம்பட்டிக்கு வந்து பார்த்தால், ஜக்கம்மாள் காளை வாங்கி வைத்திருந்தாள். பணத்தில் பாதி அதை வாங்கியதில் போயிற்று. மீதியைப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் கோழிமுட்டையுமாக அதுவே தின்று தீர்த்திருந்தது.

"நெலம் வாங்குனா பங்காளி வரப்பை வெட்டுவான். நகை வாங்குனா திருடன் கழுத்தை வெட்டுவான். இதைத் தொடச் சொல்லுங்க பாப்போம்! தொட்டவன் கொடலைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடணும்," என்றாள் அவள்.

வந்து ஒரு வாரமாயிற்று. அந்த ஒரு வாரத்தில் காளை காட்டிய ஒரே வீரம், சுருளிவேலின் வழுக்கைத் தலையை நக்கியதுதான்.

இன்றைக்கு அதை விலைபேச ஒட்டன்சத்திரத்து ரங்கசாமி வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சல்லிக்கட்டுப் பைத்தியம். மடி கனத்திருந்தது. ஒச்சப்பன் சொன்னது நிஜமென்றால் இரண்டு ஏக்கர் நஞ்சைக்கான விலை கிடைக்கும். இல்லையென்றால் கேரளா லாரிக்காரன் தரும் கறிவிலைதான்.

"ஏனுங்க, நெறையப் பேரைக் குத்தியிருக்குதுங்களா?" என்றார் ரங்கசாமி.

"என்ன இப்படிக் கேட்டுப்புட்டீக! போன வருசம் குத்துப்பட்டவனுக்கெல்லாம் வயித்தைத் தைக்க ஆசுபத்திரியில நூல் பத்தல. சின்னாளபட்டித் தறியில இருந்து பாவு நூலை அறுத்துக்கிட்டு ஓடியாந்தாக!" என்றான் ஒச்சப்பன்.

சுருளிவேல் துள்ளி எழுந்தான். "வாயைக் கழுவுடா மாப்ளே! ஐயா, இது குத்தாதுங்க, நக்கும். நாளைக்கு வாடிவாசல்ல வாலை ஆட்டிக்கிட்டு நிக்கும். அப்ப நீங்க வந்து என் கழுத்தை நெரிப்பீக. எனக்கு லாரிக் காசே போதும்!"

ரெண்டு ஆள் தூக்கும் பருத்திக்கொட்டை மூட்டையைத் தண்ணீர்க்குடம் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஜக்கம்மாள், நின்று அவனை ஒரு பார்வை பார்த்தாள். மூட்டையோடு தொழுவத்துக்குள் நுழைந்தாள்.

"பயமா இருந்தாப் பினாங்குக்கே போயிருங்க மச்சான். கப்பல்ல நோகாமப் போகலாம்," என்றான் ஒச்சப்பன்.

"பயமா? எனக்கா? இந்தா, காதைப் புடிச்சு இழுத்தாரேன். அப்படியே லாரியில ஏத்துறேன் பாரு!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுருளிவேல் தொழுவத்துக்குள் பாய்ந்தான்.

உள்ளே கும்மிருட்டு. முதல் இடி விலாவில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. இரண்டாவது இடியில் கடைவாய்ப் பற்கள் கூளத்தில் உதிர்ந்தன. மூன்றாவதில் மூக்கு புறப்பட்டுக் காதோரம் போய்ச் சேர்ந்தது. "ஐயோ" என்று வாய் திறப்பதற்குள் இடுப்போடு சேர்த்து ஒரே நெம்பு! கூரைக் கீற்றைப் பிய்த்துக்கொண்டு ஆகாசத்துக்குக் கிளம்பிவிட்டான்.

தொழுவத்துக்குப் பின்னால் ரோட்டில், தலையில் கத்தரிக்காய் மூட்டைகளோடு வத்தலக்குண்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. ரத்தமும் கூளமுமாக அதன் உச்சியில் வந்து விழுந்தான் சுருளிவேல். மூட்டைகள் வெடித்து ரோடெல்லாம் கத்தரிக்காய் மழை. கண்டக்டர் விசில் ஊத, பஸ் கிளம்பிவிட்டது.

ஒச்சப்பன் வாயைப் பிளந்தபடி நின்றான். அவன் சொன்னது ஒன்று நடந்து பார்ப்பது அவனுக்கே இதுதான் முதல் தடவை.

ரங்கசாமி துண்டு பறக்க பஸ்ஸோடு ஓடினார். "ஏனுங்க! தூக்கி எறிஞ்சது காளைதானுங்களா? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க! இப்பவே பணத்தைக் குடுத்துப்போடறனுங்க!"

சுருளிவேல் வீங்காத ஒரு கண்ணைத் திறந்தான். பஸ் உச்சியிலிருந்து ஊரே தெரிந்தது. தூரத்தில் கண்மாயில், மாட்டுக்கார முத்துச்சாமி முதுகு தேய்த்துவிட, கழுத்தளவு தண்ணீரில் சொக்கிப்போய் நின்றது காளை. கூரை பிய்ந்த தொழுவத்துக்குள்ளே உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, நிதானமாகக் கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள் ஜக்கம்மாள்.

மிச்சமிருந்த பற்களைக் கடித்துக்கொண்டு சுருளிவேல் கத்தினான்:

"நெசந்தாங்க! காளையேதான்!"