பூஞ்சை பிடித்த ரகம்

கடல்நீர் ஏறி உவர்ந்துபோன வயலில் வனரோஜா இரண்டு ரக நெல்லை விதைத்தாள். இரண்டையும், பயிரை உப்பு தாங்க வைக்கும் வேர்ப்பூஞ்சைத் தூள் கரைத்த கஞ்சியில் புரட்டித்தான் விதைத்தாள். ஒரு ரகத்தை மட்டுமே பூஞ்சை பிடித்தது. அது உப்பிலும் பச்சையாய் நின்றது. மற்றது கருகிவிட்டது.

மீந்த கஞ்சியை, காலையில் வைத்த கஞ்சி என்று நினைத்து அவளும் கணவனும் மகளுமாக வீட்டில் மூவரும் குடித்திருந்தார்கள்.

இன்று அவள் கணவன் மாசிலாமணி வயலிலிருந்து காலை எடுக்க முடியாமல் நின்றான். பிடித்து இழுத்தாள். குதிகாலோடு வெள்ளை வெள்ளையாய் இழைகள் வந்தன.

"வலிக்கலடி" என்று சிரித்தான். அவள் தன் பாதங்களைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

வயல் கோடியில் மகள் இலக்கியா நின்றிருந்தாள். அப்பனை உரித்து வைத்தவள்.

"பாப்பா, வரப்புல ஏறுடி!"

"இரும்மா, காலு வரமாட்டேங்குது."