சீட்டுக்கு அடியில இருந்த சின்னவன்

பேட்டரி கதைன்னதும், கடைசியில வண்டி டுர்ருன்னு கிளம்பும், கை தட்டலாம்னுதானே உக்காந்திருக்கீங்க? உக்காருங்க, உக்காருங்க.

ஒரு கார்ல ரெண்டு பேட்டரி. பெரியவரு பானட்டுக்குள்ள ஜம்முனு இருந்தாரு. சின்னவன் சீட்டுக்கு அடியில கிடந்தான். சிக்னல்ல இன்ஜின் தானா அணைஞ்சு தூங்குறப்பெல்லாம் லைட்டு, ஃபேனு, பாட்டு எல்லாத்தையும் சின்னவன்தான் ஒத்தையாத் தாங்கணும். ஆறு வருஷம் தாங்கித் தாங்கி தெம்பே போயிடுச்சு. ஒருநாள் சிக்னல்ல பாட்டு "ஈஈஈ"ன்னு இழுத்துக்கிட்டு நின்னுபோச்சு.

"இப்பவாவது என்னைப் பாக்க வருவாங்க"ன்னு சின்னவன் காத்திருந்தான்.

ஓனர் வந்தாரு. பானட்டைத் திறந்து பெரியவரை மாத்தினாரு. புதுசா வந்தவருக்குச் சந்தனம், குங்குமம் வச்சாரு. பம்பர்ல தொங்குன எலுமிச்சம்பழத்தையும் மாத்திக் கட்டினாரு.

மறுநாள் சிக்னல்ல மறுபடியும் "ஈஈஈ". ஓனர் கடுப்பாகி, இன்ஜின் தானா அணையாம இருக்கிறதுக்கான பட்டனை அமுக்கிட்டாரு.

சின்னவன் பூரிச்சுப்போய் பானட்டுப் பக்கம் குரல் குடுத்தான். "அண்ணே, பாத்தீங்களா? நான் களைச்சுப் போயிட்டேன்னு ஓனர் எனக்கு ஓய்வு குடுத்துட்டாரு!"

"ஆமா தம்பி, நல்ல மனுஷன்"னு புதுப் பெரியவரு மென்னு முழுங்கினாரு.

பம்பர்ல தொங்குன எலுமிச்சம்பழத்துக்கு வாய் சும்மா இருக்கல.

"அட ஏம்ப்பா நீ வேற! நேத்து வந்த எனக்கே புரியுது. இந்த வண்டியில நீ ஒருத்தன் இருக்கிறதே அவருக்குத் தெரியாது."