ஏழாவது பதியம்

லிச்சி மரக் கிளைகளில் பட்டையை உரித்துப் பாசி பொதிந்து, மறைந்த கணவர் கட்டியிருந்த ஆறு பதியங்களையும் திலகவதி வேரோடு அறுத்தெடுத்தாள். எவ்வளவு மன்றாடியும் மரத்தை விட்டுவைக்கக் கொழுந்தன் அமுதவாணன் இசையவில்லை.

"முடிஞ்சுதா அண்ணி? கோடாலிக்கும் வேலை வேணும்ல!"

விடைசொல்ல நிமிர்ந்தவள் திகைத்தாள். தலைக்குமேல் ஏழாவதாக ஒரு பதியம் இருந்தது. அதன் பாசியிலிருந்து நீர் சொட்டியது. உரித்த பட்டை அடியில் பச்சையாகவே கிடந்தது. முடிச்சோ, இடக்கைக்காரரான கணவர் ஒருவரே போடுவது.

அமுதவாணனும் அதைப் பார்த்துவிட்டான். "இது... யாரு அண்ணி கட்டுனது?"

திலகவதி எட்டி அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"வேர் விட ரெண்டு மாசமாகும் தம்பி. அதுவரைக்கும் மரத்துல கை வைக்காதீங்க."