பெரிய ஓவியத்துப் பல்லி

அருங்காட்சியகத்தின் மிகப் பெரிய ஓவியத்துக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. சட்டத்துக்கு மேலே அது தலையை நீட்டும்போதெல்லாம், எதிரே ஜனங்கள் வாயடைத்து நின்றார்கள். தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று அது நம்பியது; பெருமையாகச் சொல்லியும் வந்தது.

தோட்டத்து ஓணான் ஜன்னலிலிருந்து சிரித்தது. "உன்னையா? எதிர்ச் சுவர்ல போய் நின்னு பாருடா."

"நான் போயிட்டா இவங்க ஏமாந்துடுவாங்களே, அண்ணே."

"போய்த்தான் பாரேன்."

பல்லி எதிர்ச் சுவருக்குப் போனது. கூட்டத்தில் ஒருவரும் நகரவில்லை. அதற்கு முகம் சுண்டிப்போயிற்று. பிறகுதான் ஓவியத்தைப் பார்த்தது. ஒரு மலை முழுவதும் மழை இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை காலம் அந்த மழைக்குப் பின்னால் அது நனையாமல் தூங்கியிருக்கிறது.

பூச்சி ஒன்று அதன் வாயருகே வந்து உட்கார்ந்தது.

"பிடிடா" என்றது ஓணான்.

"கொஞ்சம் பேசாம இருங்கண்ணே" என்றது பல்லி. "மழை பெய்யுது."