குமிழிக்குள் என்ன?

"அக்கா, ரிசல்ட் வந்துடுச்சு!"

சின்ன டீச்சர் ஆசிரியர் அறைக்குள் ஓடி வந்தாள். பெரிய டீச்சருக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

அறிவியல் ஆசிரியர்களுக்கான உயர்நிலைச் சான்றிதழ் தேர்வு அது. தேறினால் துறைத் தலைமை. நாற்காலி ஒன்று, ஆள் இரண்டு. தேர்வுக்கூட வாசலில் சின்னவள் வந்து ஒரு சந்தேகம் கேட்டபோது, பெரியவள் வேண்டுமென்றே தப்பான விடையைச் சொல்லி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து ஒரு வாய் சோறு நிம்மதியாக உள்ளே இறங்கவில்லை.

"என்னை மன்னிச்சுடும்மா. அன்னிக்கு நான் உனக்கு..."

"மன்னிக்கிறதா? உங்க புண்ணியத்துலதான்கா பாஸானேன்! சரியா ஒரு மார்க்குல தப்பிச்சேன்."

"என் புண்ணியத்துலயா?"

"கொதிக்கிற தண்ணியில வர்ற குமிழிக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டேனே? நான் காத்துன்னுதான் எழுத இருந்தேன். நீங்கதான் நீராவின்னு அடிச்சுச் சொன்னீங்க. அதான் சரியான விடையாம்! ஆமா, உங்களுக்கு என்னாச்சு?"

பெரிய டீச்சர் ஃபோனை நீட்டினாள். ஒரு மார்க்கில் போயிருந்தது.

மணி அடித்தது. வகுப்புக்குள் நுழைந்தவள், சாக்பீஸைக்கூட எடுக்காமல் கேட்டாள்.

"கொதிக்கிற தண்ணியில வர்ற குமிழிக்குள்ள என்ன இருக்கு, பிள்ளைங்களா?"

வகுப்பே எழுந்து நின்றது. அவள் பழக்கியிருந்தபடியே, ஒரே குரலில், துளிச் சந்தேகம் இல்லாமல் பதில் வந்தது.

"காத்து, டீச்சர்!"